ஏசி மேல் விழுந்த பழி

நான் டிரைவிங் ஸ்கூலில் ஆபீஸ் வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி என்னிடம் சொன்னது இரண்டே விஷயம். விண்ணப்பத்தில் ரத்தப் பிரிவை நிரப்ப மறக்கக் கூடாது. பிரேக்கக்காவிடம் வாதம் பண்ணக் கூடாது.

பயிற்சி வண்டியில் கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். மற்ற மாஸ்டர்கள் ஆபத்து எதிரில் வந்தால் அதை மிதிப்பார்கள். அக்கா, ஆபத்து வீட்டை விட்டுக் கிளம்பும்போதே மிதித்துவிடுவாள். அதனால்தான் அந்தப் பெயர். இருபத்திரண்டு வருஷமாக அந்த வேலையில் இருந்தாள். அவள் வண்டியில் ஒரு கீறல் கிடையாது. புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாள் ஒரே வாக்கியம்தான் சொல்வாள்: "பயப்படுங்க, தப்பில்ல. ஆனா கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டுப் பயப்படுங்க."

அவளுக்கு ஐம்பத்தோரு வயது நடந்துகொண்டிருந்தபோது வண்டியின் ஏசி கெட்டுப்போனது. கெட்டுப்போனதாக அவள் சொன்னாள்.

காலை வகுப்பு முடிந்து உள்ளே வந்தவள், துப்பட்டாவால் கழுத்தைத் துடைத்தபடி, ஏசி என்று வைத்திருக்கிறார்களே அது அனல்தான் கக்குகிறது என்றாள். நான் மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். வந்தார். அவர் அதிகம் பேசாத மனிதர். வண்டியில் ஏறி உட்கார்ந்தார், பானெட்டைத் திறந்தார், மூடினார், நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான்கு நாள் கழித்து அக்கா மறுபடி வந்து அதே குற்றச்சாட்டைச் சொன்னாள். இந்தமுறை அவர் காஸ் நிரப்பிவிட்டுப் போனார். மூன்றாவது முறை ஒரு தெர்மாமீட்டரோடு வந்தார். அக்காவைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து, வண்டியை ஓடவிட்டு, தெர்மாமீட்டரை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். அது குளிர்பதனப் பெட்டிக்குள் இருக்கவேண்டிய எண்ணைக் காட்டியது. அக்காவின் மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது. மெக்கானிக் தெர்மாமீட்டரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடி தெர்மாமீட்டரைப் பார்த்தார். பிறகு தெர்மாமீட்டரைத் தட்டிப் பார்த்தார்.

அது மழைக்காலம். மாணவர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வண்டி பழக வந்தார்கள். ஒரு கல்லூரிப் பெண் கையுறை போட்டுக்கொண்டு வந்தாள். ஸ்டீயரிங் பிடிப்பதற்கு வசதி என்று அக்கா அவளைப் பாராட்டினாள். உண்மைக் காரணத்தைச் சொல்ல அந்தப் பெண்ணுக்குத் தைரியம் வரவில்லை. வங்கியில் வேலை பார்த்த ஒருவர் மட்டும் எழுத்து மூலம் புகார் கொடுத்தார். வண்டி ஓட்டப் பழகுவதற்குத்தான் சேர்ந்தேன், பிணவறையில் பழகுவதற்கு அல்ல என்று எழுதியிருந்தார். முதலாளி அதைப் படித்துவிட்டு, மடித்து, தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார். அவருக்கும் அக்காவிடம் பயம்.

வீட்டில் அக்காவின் கணவர் வேறு வழியில் போனார். அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆய்வகத்து உதவியாளர். எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டார். அக்கா வீடு சூளை மாதிரி இருக்கிறது என்று சொல்லத் தொடங்கியதும், ஒவ்வோர் அறையிலும் ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டு, கட்டம் போட்ட தாளில் வரைபடம் போட்டார். வரைபடம் நேர்கோடாக இருந்தது. அப்படியானால் கோளாறு மொட்டைமாடியில்தான் என்று முடிவுகட்டி, இரண்டு ஞாயிற்றுக்கிழமை மேலே ஏறி நின்று தரை முழுக்க வெள்ளைப் பெயின்ட் அடித்தார். அது வெயிலைத் திருப்பி அனுப்புமாம். வெயிலே இல்லாத மாதத்தில் அடித்தார் என்பது வேறு விஷயம். படுக்கையில் மின்விசிறி ஐந்தாம் எண்ணில் சுற்ற, அவர் கம்பளித் தொப்பி மாட்டிக்கொண்டு தூங்கினார். அக்கா போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டு, ஐந்து நிமிஷம் கழித்து அதையே தேடினாள்.

வெப்பம் மட்டும் என்றால் பரவாயில்லை. அக்காவுக்குச் சொற்கள் கைநழுவ ஆரம்பித்தன. இருபத்திரண்டு வருஷமாக நாளைக்கு நூறு தடவை சொல்லி வந்த "கிளட்ச்" என்ற சொல் ஒரு நாள் வாயில் வரவில்லை. "அதை மிதிங்க, அதை, அந்த... செருப்பை" என்று சொல்லிவிட்டாள். மாணவர் பவ்யமாகச் செருப்பைக் கழற்றி வைத்தார். இன்னொரு நாள் ஒரு பெரியவர் முதன்முறையாகச் சரியாக ரிவர்ஸ் எடுத்ததைப் பார்த்து அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. தான் ஓட்டுவது அவ்வளவு மோசமா என்று அந்தப் பெரியவர் கலங்கிப்போய் இரண்டு நாள் வரவேயில்லை. தூக்கம் சரியில்லாததால் வந்த கோபம் தனி. சிக்னல் மாற நேரமானால் விளக்கையே திட்டினாள்.

என்னிடம் ஒரு நாள் மட்டும் மனம் விட்டுச் சொன்னாள், அதையும் குரலைத் தாழ்த்தி. மாணவர்கள் திடீரென்று பிரேக் போடும்போதும், தான் தும்மும்போதும், சிரிக்கும்போதும் ஒரு துளி தன்னை அறியாமல் கசிந்துவிடுகிறதாம். "நானே பிரேக்கக்கா, எனக்கே பிரேக் பிடிக்கல" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். சிரிக்கவும் பயந்து பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் டாக்டரம்மா வண்டி பழகச் சேர்ந்தார்.

அவர் பெண்களுக்கான மருத்துவர். நாற்பத்தாறு வயது. எத்தனையோ பிரசவம் பார்த்த கை அது. நடுவில் கரண்ட் போனால்கூட நடுங்காது என்று அவரோடு வந்த நர்ஸ் சொன்னாள். அந்தக் கை ஸ்டீயரிங்கைத் தொட்டதும் மழையில் நனைந்த கோழி மாதிரி உதறியது. அதுவரை கணவர்தான் அவரை எங்கும் கூட்டிப் போய்க்கொண்டிருந்தார். கணவருக்கு வேறு ஊருக்கு வேலை மாற்றம் வந்துவிட்டதால் டாக்டரம்மாவுக்கு இந்தச் சோதனை. கற்றுக்கொடுப்பவரை எல்லாரும் கூப்பிடுவது போல அவரும் அக்காவை "மாஸ்டர்" என்றே கூப்பிட்டார்.

மூன்றாவது வகுப்பில் நடந்ததை அக்கா பிற்பாடு இரண்டு குரலிலும் எங்களுக்குப் பலமுறை நடித்துக் காட்டியிருக்கிறாள். கடைவீதி சிக்னலில் சிவப்பு விழுந்து வண்டி நின்றது. ஏசி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா பற்கள் கிடுகிடுக்க உட்கார்ந்திருந்தார். அக்கா தன் பக்கத்துக் கண்ணாடியையும் இறக்கிவிட்டு, விண்ணப்பப் படிவத்தால் விசிறிக்கொண்டிருந்தாள். முகம் செக்கச் செவேலென்று ஆகி, பிறகு மெல்ல வெளிறியது. டாக்டரம்மா அதைக் கடைக்கண்ணால் கவனித்தபடியே கேட்டார்:

"மாஸ்டர், நின்னு எத்தனை மாசமாச்சு?"

"மாசமா? இப்பத்தானே நின்னோம்."

"வண்டியைக் கேக்கல. உங்களைக் கேக்கறேன்."

அக்காவுக்குப் புரிந்தது. புரிந்ததும் முன்னால் பார்த்தாள். பச்சை விழுந்திருந்தது. பச்சை விழுந்தாச்சு, மெல்ல கிளட்சை விடுங்க என்றாள். டாக்டரம்மா விட்டதில் வண்டி ஒரு குதி குதித்து அணைந்துபோனது. பின்னால் ஹாரன் சத்தம் கிளம்பியது. டாக்டரம்மா சாவியைத் தொடவில்லை. சாலையில்தான் அவருக்குப் பயமே தவிர, நோயாளி பதில் சொல்லாமல் நழுவுவது அவருக்குப் பழகிய விஷயம். ஒரு லாரிக்காரர் தலையை வெளியே நீட்டி ஏதோ சொன்னார். ஒரு பள்ளிக்கூட வேன் அழாத குறையாக ஹாரன் அடித்தது. அத்தனை சத்தத்துக்கு நடுவே அக்கா, இருபத்திரண்டு வருஷத்தில் முதன்முறையாகப் போக்குவரத்துக்கு இடைஞ்சலாக நின்றபடி, "பதினோரு மாசம்" என்று ஒப்புக்கொண்டாள்.

வகுப்பு முடிந்தும் இருவரும் எங்கள் ஆபீஸ் வாசலில் வண்டிக்குள்ளேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மா என்ன சொன்னார் என்பதை அக்கா உள்ளே வந்ததும் எனக்கு ஒப்பித்தாள். பன்னிரண்டு மாதம் முழுசாக மாதவிலக்கு வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று கணக்காம். அதற்கு முன்னும் பின்னும் சில வருஷம் உடம்பு இப்படித்தான் ஆட்டம் காட்டுமாம். திடீரென்று நெஞ்சிலிருந்து மேலே ஏறும் அந்த வெப்பம், அது போனபின் வரும் குளிர், தூக்கமின்மை, மறதி, காரணமில்லாத அழுகை, தும்மினால் கசிவது, எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகளாம். எல்லாருக்கும் எல்லாமும் வராது. சிலருக்கு ஒன்றுமே தெரியாமல் போய்விடும். சிலரைப் புரட்டி எடுத்துவிடும்.

அக்காவுக்கு நிம்மதியைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. வண்டி ஓட்டுவதற்குக்கூட எழுத்துத் தேர்வு வைத்து, புத்தகம் கொடுத்து, எந்த வளைவில் என்ன வரும் என்று பலகை நட்டு வைக்கிறார்கள். இதற்கு ஒரு பலகை இல்லையே என்றாள். தன் அம்மா இதைப் பற்றி ஆயுசு முழுக்கச் சொன்னது ஒரே வார்த்தை, "நின்னுடுச்சு" என்று மட்டும்தான். குழாயை மூடுகிற மாதிரி ஒரு நாள் மூடிவிடும் என்றுதான் அக்கா நினைத்திருந்தாள்.

அடுத்த வாரம் முறையாக மருத்துவமனைக்குப் போனாள். அங்கே டாக்டரம்மா வேறு ஆள். குரலே வேறு. ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு எல்லாம் பார்த்தார். குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் உண்டா, காலில் ரத்தம் உறைந்ததுண்டா என்று கேட்டார். தேவைப்பட்டால் ஹார்மோன் மாத்திரை இருக்கிறது, அதை இவருக்குக் கொடுக்கலாம், இவருக்கு வேண்டாம் என்று ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும் என்று விளக்கினார். அக்கா முதலில் மாத்திரை இல்லாமல் பார்க்கிறேன் என்றாள். சரி, நாளைக்கு எட்டு டம்ளர் டீயை இரண்டாக்குங்கள், பருத்தி உடுப்பாகப் போடுங்கள், கசிவுக்கு ஒரு பயிற்சி இருக்கிறது என்றார். சிறுநீரை அடக்குவதுபோல அடியிலுள்ள தசையை இறுக்கி, ஐந்து எண்ணி, விடவேண்டும். நாளைக்கு மூன்று வேளை, வேளைக்குப் பத்து தடவை.

அக்காவுக்கு வேளை பார்த்துச் செய்ய நேரம் ஏது? சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் செய்தாள். சிக்னல் விழுந்தால் அக்கா வாயைத் திறக்கமாட்டாள், முன்னால் வெறித்துப் பார்த்தபடி இருப்பாள். மாஸ்டர் தியானம் கற்றுக்கொள்கிறார் போலிருக்கிறது, முன்னைப் போல எரிந்து விழுவதில்லை என்று மாணவர்கள் என்னிடம் வந்து மரியாதையோடு சொன்னார்கள். மூன்று மாதத்தில் தும்மல் பயம் போய்விட்டது. வெப்பம் முழுக்கப் போகவில்லை. ஆனால் அது என்ன என்று தெரிந்துவிட்டதால், வரும்போது "வா, வந்துட்டுப் போ" என்று ஜன்னலைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். ஏசி நடு எண்ணுக்கு வந்தது. கையுறைப் பெண் கையுறையைக் கழற்றினாள்.

வீட்டில் அக்கா விஷயத்தைச் சொன்னபோது அவள் கணவர் எழுந்து தெர்மாமீட்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாராம். பிறகு மொட்டைமாடிப் பெயின்ட்டைப் பற்றி மட்டும் யாரிடமும் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டாராம். அவள் அன்றே எங்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள்.

மெக்கானிக்கை வரவழைத்து மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றாள் அக்கா. அவர் வந்து நின்றார். கோளாறு ஏசியில் இல்லை, என் உடம்பில்தான், வயசினால் வருகிற மாற்றம், உங்களை வீணாக மூன்று தடவை அலையவிட்டேன் என்று அக்கா நேரடியாகவே சொன்னாள். அந்த மனிதர் கையிலிருந்த ஸ்பானரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நான் அவரிடமிருந்து கேட்ட மிக நீளமான வாக்கியத்தைச் சொன்னார்:

"எங்க வீட்டு ஏசியை ஆறு மாசமா நான் பிரிச்சுப் பிரிச்சு மாட்டிக்கிட்டிருக்கேன்மா."

டாக்டரம்மாவின் முகவரியை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு போனார்.

இதெல்லாம் நடந்து ஒன்றரை வருஷம் ஆனது. டாக்டரம்மா அதற்குள் ஓட்டுநர் தேர்வில் மூன்று முறை தோற்றிருந்தார். மற்ற எல்லாம் வந்துவிட்டது. இரண்டு வண்டிகளுக்கு நடுவே பக்கவாட்டில் நிறுத்துவது மட்டும் வரவில்லை. அக்கா அவருக்குத் தனியாக நேரம் ஒதுக்கிக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அந்த வண்டியின் பின்சீட்டில் நானும் இருந்தேன். வழியில் தபால் நிலையத்தில் இறங்கவேண்டியிருந்தது.

அக்கா நல்ல குஷியில் இருந்தாள். பேச்சோடு பேச்சாக, "டாக்டரம்மா, ஒரு அதிசயம் கேளுங்க. போனது திரும்பி வந்துடுச்சு. ரெண்டு நாளா லேசா படுது. இளமை திரும்புது போல" என்றாள்.

டாக்டரம்மா கண்ணாடியைப் பார்த்தார், இண்டிகேட்டர் போட்டார், ஒரு பால் வண்டிக்கும் ஒரு வேனுக்கும் நடுவே இருந்த இடத்தில் பின்னோக்கி வளைத்து, ஒரே முயற்சியில், ஓரக்கல்லுக்கு ஒரு சாண் தள்ளி வண்டியை நிறுத்தினார். அக்கா வாயைப் பிளந்தாள்.

"இதுல சிரிக்க ஒண்ணுமில்ல, மாஸ்டர். நின்னு ஒரு வருஷத்துக்கு அப்புறம் ஒரு சொட்டு வந்தாலும் உடனே காட்டணும். வாங்க, இப்பவே போறோம்."

"எனக்கு பதினோரு மணிக்கு வகுப்பு இருக்கே."

"இருக்கட்டும்."

அந்த மருத்துவமனை வரை டாக்டரம்மாவே ஓட்டினார். ஒரு இடத்திலும் வண்டி அணையவில்லை. அக்காவின் கால் அவள் பக்கத்துப் பிரேக்கின் மேல் இருந்ததே தவிர, ஒரு தடவைகூட மிதிக்கவில்லை. தபால் நிலையம் எப்போதோ பின்னால் போய்விட்டது. நான் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையின் உள்சுவர் இருக்கவேண்டிய அளவைவிடத் தடித்திருந்தது. உள்ளே சின்னதாக ஏதோ வளர்ச்சி தெரிந்தது. குழாய் மாதிரி ஒரு கருவியை விட்டுப் பார்த்து, அந்த வளர்ச்சியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். டாக்டரம்மா எதையும் மறைக்கவில்லை. இப்படி வருகிற பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேருக்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது, மிச்சம் ஒருவர் யார் என்று பார்க்காமல் தெரியாது, அதற்காகத்தான் இத்தனை அவசரம் என்றார்.

அந்தப் பத்து நாளும் அக்கா லீவு போடவில்லை. சாந்தமாக இருந்தாள். அதுதான் எங்கள் எல்லாரையும் கலக்கியது. ஒரு மாணவர் ஒருவழிப் பாதையில் எதிர்ப்பக்கமாக நுழைந்தபோது, "பரவாயில்ல, திருப்பிக்கலாம்" என்றாளாம். அவர் வெலவெலத்துப்போய் என்னிடம் வந்து, மாஸ்டருக்கு என்னாச்சு, திட்டவேயில்லையே என்று கேட்டார். அக்காவின் கணவர் பள்ளி ஆய்வகத்தில் இருந்த குடுவை, குழாய் ஒன்றுவிடாமல் இரண்டு தடவை கழுவி வைத்தார்; கழுவியதில் நான்கு உடைந்தன. எதையும் அளக்கிற மனிதர், அந்த நாட்களில் எதையும் அளக்கவில்லை. சாயந்திரம் அவளைக் கூட்டிப்போக ஆபீஸ் வாசலில் வந்து நிற்பார். அக்கா ஒரு முறை என்னிடம், "ரெண்டு நாள் போகட்டும், தானா நின்னுடும்னுதான் இருந்தேன். அன்னைக்கு வாய் தவறிச் சொன்னேன் பாரு" என்றாள். பிறகு வருகைப் பதிவேட்டை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாம் நாளே டாக்டரம்மா நேரில் வந்துவிட்டார், அதுவும் ஆட்டோவில். இறங்கும்போதே முகத்தில் தெரிந்தது. அது வெறும் சதை வளர்ச்சி, முழுசாக எடுத்தாயிற்று, புற்றுநோய் இல்லை, ஆறு மாதம் கழித்து ஒரு தடவை வந்து காட்டினால் போதும் என்றார். அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். சுவரில் மாட்டியிருந்த போக்குவரத்துக் குறிகளை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு எழுந்து, டாக்டரம்மாவைப் பார்த்து, "லைசென்ஸ் வாங்கற வரைக்கும் ஆட்டோல வந்தா எப்படிப் பழகும்?" என்று சத்தம் போட்டாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

டாக்டரம்மா நான்காவது தேர்வில் பாஸானார். தேர்வு அதிகாரி பக்கவாட்டில் நிறுத்தச் சொன்னபோது, மாஸ்டரை மருத்துவமனைக்குக் கூட்டிப் போவதாக நினைத்துக்கொண்டாராம்.

அக்கா அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். நாற்பதைத் தாண்டிய பெண் யார் பழக வந்தாலும், கியர் போடச் சொல்லிக்கொடுத்த கையோடு இதையும் சொல்லிக்கொடுத்துவிடுவாள். வெப்பம் வந்தால் பயப்படாதீங்க, கசிந்தால் வெட்கப்படாதீங்க, நின்ற பிறகு ஒரு சொட்டு வந்தால் அன்றைக்கே போய்க் காட்டுங்க. முதலாளி தயங்கித் தயங்கி, இதெல்லாம் நம்ம பாடத்திட்டத்தில் இல்லையே என்றார். உங்க வீட்டம்மாவை ஒரு நாள் அனுப்பி வையுங்க என்றாள் அக்கா. அந்த அம்மாள் வந்தார், இருபது வகுப்பு பழகினார், கூடவே தன் இரண்டு நாத்தனார்களையும் சேர்த்துவிட்டார்.

நின்ற பிறகு எலும்பும் இளைக்குமாம். அதன் அடர்த்தியைப் பார்த்தபோது அக்காவுக்கு அது கொஞ்சம் குறைந்திருந்தது. சுண்ணாம்புச் சத்தும் வெயிலும் வேண்டும், தினமும் அரைமணி நேரமாவது வேகமாக நடக்கவேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அக்கா வாழ்க்கையில் வண்டியிலிருந்து ஆபீஸ் வாசல் வரை நடந்ததுதான் அதிகம். இப்போது காலையில் கணவரோடு கிளம்புகிறாள். அவர் கையில் அடி எண்ணும் கருவி இருக்கிறது. முதல் நாள் நடந்துவிட்டு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் மேஜை முன்னால் வந்து நின்றாள். நடக்கிறவர்களை இந்த ஊரில் எவனும் மனுஷனாகவே மதிப்பதில்லை, கோடு போட்ட இடத்தில்கூட ஒருவனும் நிறுத்தமாட்டேன் என்கிறான், நேற்றுவரை என்னிடம் பழகியவனே என்னை உரசிக்கொண்டு போகிறான் என்று பொரிந்து தள்ளினாள். மறுநாளிலிருந்து புது விதி வந்தது. யார் சேர்ந்தாலும் முதல் வகுப்பில் வண்டியைத் தொடக் கூடாது. கடைவீதியை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஐந்து தடவை நடந்து கடக்கவேண்டும். அக்கா எதிர்ப்பக்கத்தில் நின்று எண்ணுகிறாள்.